உப்புச் சாலையும் கார் பெயிண்டும்: பனிக்காலத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

நீங்கள் கேட்டது இதுதான்: கறுப்பு நிறக் கார், வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. போன பனிக்காலம் முடிந்து நன்றாகக் கழுவிப் பார்த்தபோது பானெட் முழுக்கச் சிலந்திவலை மாதிரி மெல்லிய கீறல்கள். முன்பக்கம் ஏழெட்டு இடங்களில் பொட்டுப் பொட்டாகப் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறது. சாலையில் போடும் உப்புதான் காரணம் என்று நினைக்கிறீர்கள். அடுத்த பனிக்கு முன் மெழுகு பூசினால் போதுமா, செராமிக் கோட்டிங் (பெயிண்டின் மேல் பூசினால் கெட்டியாக இறுகும் திரவப் பூச்சு) போட்டே ஆக வேண்டுமா, உறைகுளிரில் கழுவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன இரண்டு சேதத்தையும் உப்பு செய்யவில்லை. பொட்டுப் பொட்டாகப் போனது கல் தெறித்ததால். சிலந்திவலைக் கீறல் வந்தது தேய்த்ததால். பனியைத் தள்ளிய பிரஷ்ஷோ, மண்ணோடு சேர்த்துத் துடைத்த துணியோ, கார் கழுவும் இடத்தில் சுழலும் பெரிய பிரஷ்ஷோ அதைச் செய்திருக்கும். பல வருடங்களாகக் கார்களைக் கழுவி மெருகேற்றும் வேலையில் இருக்கிறேன். பனிக்காலம் முடிந்து என்னிடம் வரும் கார்களில் பெயிண்ட் கெட்டிருப்பது பெரும்பாலும் மனிதர் கையால்தான். உப்பு அதற்கு அப்புறம் வருகிறது. எங்கே பெயிண்ட் திறந்து கிடக்கிறதோ அங்கே புகுந்து துருவைக் கிளப்புகிறது. அதனால் பனிக்கு முன் ஓட்டைகளை அடைத்துவிட வேண்டும். பனிக்காலம் முழுக்கத் தண்ணீரால் அலசுவதைக் கூட்டி, கையால் தேய்ப்பதைக் குறைக்க வேண்டும். மெழுகா செராமிக்கா என்பதெல்லாம் இதற்குள் அடங்குகிற கேள்விதான்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, பெயிண்ட் எவ்வளவு மெல்லியது என்று தெரிய வேண்டும். தகட்டின் மேல் முதலில் துத்தநாகப் பூச்சு, பிறகு தொட்டியில் முக்கி மின்சாரத்தால் ஒட்ட வைக்கும் ஒரு அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், அப்புறம் நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். தகட்டுக்கு மேல் இருக்கும் பெயிண்ட் எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். ஒரு தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். அதாவது இரண்டு முடியை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் வரும் கனம், அவ்வளவுதான். அதில் பளபளப்பைத் தரும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான். கீறல் போக மெஷினால் பாலிஷ் போடும் ஒவ்வொரு தடவையும் அதில் சில மைக்ரான் கரைந்து போகும். அப்படியே வருடாவருடம் செய்துகொண்டிருக்க முடியாது. கீறல் விழுந்தபின் பாலிஷ் போட்டுக்கொள்ளலாம் என்று இருப்பதைவிட, விழாமல் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால் இதனால்தான்.

உப்புக்கு வருவோம். சாலையில் போடுவது பெரும்பாலும் சாதாரண சோடியம் குளோரைடு. குளிர் அதிகமான இடங்களில் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் சேர்ப்பார்கள், அல்லது பனி விழும் முன்பே உப்புக் கரைசலாகத் தெளித்துவிடுவார்கள். முழுதாக இருக்கும் கிளியர் கோட்டை இவை சட்டென்று அரித்துவிடாது. ஆனால் இரும்பு வெளியே தெரியும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் கதை வேறு. துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அந்த வினை வேகம் பிடிக்கிறது. துத்தநாகப் பூச்சு கொஞ்ச காலம் தன்னைத் தானே கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும். அது தீர்ந்ததும் இரும்பின் முறை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும் என்பதால், பெயிண்டுக்கு அடியில் வளர்ந்து அதை மேலே தூக்கும். கடுகளவு கல்லடி இரண்டு வருடத்தில் நகத்தளவு கொப்புளமாக மாறுவது இப்படித்தான்.

இந்த வினைக்கு ஈரமும் வேண்டும், ஓரளவு வெப்பமும் வேண்டும். கடுங்குளிரில் உறைந்து கல்லாகக் கிடக்கும் உப்பால் பெரிய சேதம் இல்லை. பூஜ்ஜியத்தை ஒட்டிய நாட்களில், பனி உருகி எல்லாம் நசநசவென்று இருக்கும்போதுதான் அது வேலை செய்கிறது. கால்சியம், மக்னீசியம் குளோரைடுகள் காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுத்துக் கசியும் குணமுள்ளவை. மழையே இல்லாத நாளிலும் காரின் அடிப்பக்கத்தை ஈரமாக வைத்திருக்கும். இன்னொன்று, பலர் நம்ப மறுப்பது: உப்பு அப்பிய காரைக் கொண்டுபோய்ச் சூடேற்றிய கராஜில் கழுவாமல் நிறுத்துவது, வெளியே குளிரில் நிறுத்துவதைவிடக் கெடுதல். உள்ளே பனி உருகி, உப்புத் தண்ணீராகி, இதமான வெப்பத்தில் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும். சூடான கராஜ் இருந்தால் நல்லதுதான், ஆனால் உள்ளே விடுவதற்கு முன் அடிப்பக்கத்தை ஒரு அலசு அலசிவிட்டு விடுங்கள்.

சரி, பனி வருவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பார்க்கலாம். பகல் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவதற்குள் முடித்துவிட வேண்டும். பெயர்ந்த இடத்தில் மட்டும் தொட்டு வைக்கும் டச்-அப் பெயிண்டும் சரி, மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கைப் பூச்சான சீலண்டும் சரி, செராமிக்கும் சரி, குளிரில் சரியாக ஒட்டாது, காயாது. முதல் பனி விழுந்த அன்று ஓடி வருகிறவர்களிடம், இனி முழுதாக எதுவும் செய்ய முடியாது என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காரை நன்றாகக் கழுவிக் காயவைத்துவிட்டு, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்கு மழமழவென்று தெரியும் பரப்பு, உறை வழியாகத் தடவும்போது உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் துகள்களும் தாரும் மரப்பிசினும் ஒட்டியிருப்பதன் அடையாளம் அது. இரும்புத் துகளுக்கு அயர்ன் ரிமூவர் என்று விற்கிறார்கள். தெளித்தால் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். அதிலும் போகாததைக் கிளே பார் என்ற மென்மையான களிமண் கட்டியால், தாராளமாக ஷாம்புத் தண்ணீர் விட்டு, அழுத்தாமல் எடுக்கலாம். கிளே கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தரையின் மண் ஒட்டிய கிளேயால் தேய்த்தால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான்.

அடுத்தது கல்லடி பட்ட இடங்கள். இதை மெழுகுக்கு முன்னால் செய்ய வேண்டும், ஏனென்றால் மெழுகின் மேல் பெயிண்ட் ஒட்டாது. எனக்கு இந்தப் பனிக்கால வேலைகள் எல்லாவற்றிலும் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்வேன்.

முதலில் எது இரும்பு, எது இல்லை என்று பாருங்கள். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பம்பர் அநேகமாகப் பிளாஸ்டிக். அதில் பெயிண்ட் போனால் அழகுதான் கெடும், துரு வராது. சில கார்களின் பானெட் அலுமினியம். அதில் செந்துரு வராது, ஆனால் உப்புப் பட்டால் வெள்ளைப் பொடியாகப் பூத்துப் பெயிண்ட் உப்பும். காந்தம் ஒட்டும் இடங்களில் உள்ள கல்லடிகளை முதலில் கவனியுங்கள்.

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வொரு பொட்டையும் கிட்டத்தில் பாருங்கள். உள்ளே சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் பிரைமர் இன்னும் இருக்கிறது, வேலை சுலபம். பளிச்சென்று உலோகம் தெரிந்தால் இன்னும் துரு பிடிக்கவில்லை. பழுப்பாக இருந்தால் துரு ஆரம்பித்துவிட்டது. அந்தப் பழுப்பின் மேலேயே பெயிண்டைத் தொட்டு வைத்துவிட்டால் அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். மெல்லிய உப்புத்தாளைப் பென்சிலின் பின்பக்க அளவுக்கு வெட்டி, ஒரு குச்சி முனையில் ஒட்டி, அந்தப் பொட்டுக்குள் மட்டும் சுழற்றி எடுங்கள். அப்படியும் குழிக்குள்ளிருந்து எடுபடாத துருவுக்கு, அதை மேலும் பரவாத படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வர்ட்டர் ஒரு சொட்டு வைக்கலாம். அது காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிரைமர் ஒரு பொட்டு, அது காய்ந்ததும் நிறம். உங்கள் காரின் நிறக் குறியீடு டிரைவர் பக்கக் கதவு நிலையிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒரு ஸ்டிக்கரில் இருக்கும். கறுப்பிலும் பல கறுப்பு உண்டு, அதனால் அந்தக் குறியீட்டைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். பாட்டிலோடு வரும் பிரஷ் பெரியது, குழியைத் தாண்டிப் பூசிவிடும். பல்குத்தும் குச்சியின் முனையால் ஒரு துளி எடுத்துக் குழியின் நடுவில் விடுங்கள். அது தானே பரவி ஓரத்தைத் தொடும். காய்ந்தால் உள்வாங்கும், அதனால் ஒரே தடவையில் நிரப்பாமல் இரண்டு மூன்று தடவையாக நிரப்ப வேண்டும். கடைசியில் கிளியர் ஒரு துளி. கிட்டத்தில் பார்த்தால் தெரியத்தான் செய்யும். ஆனால் தண்ணீர் உள்ளே போகாது, நமக்கு வேண்டியது அதுதான். சில நாள் காயவிட்டு அப்புறம் மெழுகுக்குப் போங்கள்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி: மெழுகா, செராமிக்கா? இவை எதுவும் கல்லைத் தடுக்காது. செராமிக் கோட்டிங் பெரும்பாலும் ஓரிரு மைக்ரான் கனம்தான். கல்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிறகு எதற்கு இவை என்றால், அழுக்கு பெயிண்டோடு இறுகிப் பிடிக்காமல் இருப்பதற்கு. நல்ல பூச்சு இருக்கும் காரில் உப்பும் சேறும் வெறும் தண்ணீர் பட்டாலே பெரும்பகுதி வழிந்து போய்விடும். கை வைக்கும் அவசியம் குறையும், கை வைக்காவிட்டால் கீறல் இல்லை. பூச்சின் மதிப்பு எனக்கு அங்கேதான் இருக்கிறது. பளபளப்பெல்லாம் கூடுதல்.

பனை வகை மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகைக் கறுப்புக் காரில் போட்டால் அதன் ஆழமான மெருகுக்கு ஈடு கிடையாது. ஆனால் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது, பனிக்காலத்தில் இன்னும் சீக்கிரம் போய்விடும். நடு ஜனவரியில் குளிரில் நின்று மறுபடி மெழுகு போட யாருக்கும் மனம் வராது. செயற்கைப் பாலிமர் சீலண்ட் நான்கு முதல் ஆறு மாதம் வரும். ஒரு பனிக்காலத்துக்கு அதுவே சரியான அளவு. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: இலையுதிர்காலக் கடைசியில் சீலண்ட் ஒரு கோட், மறுநாள் இன்னொரு கோட். பூசிய பின் குறைந்தது ஒரு இரவாவது ஈரம் படாமல் இருக்கட்டும். நடுவில் வெயிலடிக்கும் நாள் கிடைத்தால், கழுவியதும் ஸ்ப்ரே சீலண்ட் கொஞ்சம் அடித்துத் துடைத்துவிடுங்கள். பூச்சு இருக்கிறதா தீர்ந்ததா என்று தெரிய, சுத்தமான பானெட்டில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் இருக்கிறது. தாள் விரித்த மாதிரி சோம்பலாகப் படர்ந்து நின்றால் தீர்ந்துவிட்டது. அழுக்குக் காரில் இந்தச் சோதனை செய்தால் பொய் சொல்லும், கழுவிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

செராமிக் நன்றாகவே வேலை செய்யும், சரியாகப் போட்டால் வருடக்கணக்கில் வரும். ஆனால் உங்கள் பானெட்டில் ஏற்கெனவே கீறல் இருக்கிறது. அதன் மேல் செராமிக் போட்டால் கீறல்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிய மாதிரி ஆகிவிடும். முதலில் பாலிஷ் போட்டுக் கீறலை எடுத்துவிட்டு, பிறகு செராமிக். அதைப் போட்ட பின் ஒரு நாளாவது நனையக்கூடாது, முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும், அதுவரை ஷாம்பு போட்டுக் கழுவக்கூடாது. இதற்கெல்லாம் நேரமும் மூடிய இடமும் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் இந்த வருடம் சீலண்ட், வசந்தத்தில் பாலிஷ், அப்புறம் செராமிக் என்று வைத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் தினமும் போகிறவராக இருந்தால் என் யோசனை வேறு. செராமிக்குக்கு ஒதுக்கும் பணத்தைப் பிபிஎஃப் என்ற பாதுகாப்பு ஃபிலிமில் போடுங்கள். 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பாலியூரித்தேன் ஃபிலிம் அது. கல்லை உண்மையிலேயே வாங்கிக்கொள்வது அது ஒன்றுதான். கார் முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. முன் பம்பர், பானெட்டின் முன் பகுதி, முன் சக்கரத்துக்குப் பின்னால் கதவுக்குக் கீழே வரும் படி, இவ்வளவு போதும். மட்ஃபிளாப் இல்லாத கார் என்றால் அதையும் மாட்டிவிடுங்கள். மலிவான சமாச்சாரம், ஆனால் உங்கள் சக்கரமே உங்கள் கதவின் மேல் வாரியிறைக்கும் கல்லை அதுதான் நிறுத்துகிறது. மேட் ஃபினிஷ், அதாவது பளபளப்பில்லாத பெயிண்ட் உள்ள கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை: மெழுகும் பாலிஷும் உங்களுக்கு இல்லை, மேட் பெயிண்டுக்கென்றே வரும் சீலண்டைத்தான் போட வேண்டும்.

இனி பனிக்காலத்தில் கழுவுவது. "பனி முடியும் வரை கழுவாதே, எப்படியும் மறுநாள் அழுக்காகிவிடும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அழுக்காகத்தான் செய்யும். ஆனால் கழுவுவது அழகுக்காக இல்லை, உப்பைக் கரைத்து வெளியேற்றுவதற்கு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது அலசுங்கள். உப்பு நிறையப் போட்ட நாட்களுக்குப் பின் குளிர் தணிந்து பனி உருகும் முதல் நாளில் கண்டிப்பாக அலசுங்கள். அன்றைக்குத்தான் துருவும் வேலையைத் தொடங்கும்.

வெப்பம் பூஜ்ஜியத்துக்கு மேலே, முடிந்தால் 5 டிகிரியைத் தாண்டியிருக்கும் நாளின் நடுப்பகலைத் தேர்ந்தெடுங்கள். வெந்நீர் வேண்டுமா என்று கேட்பார்கள். உப்பைப் பொறுத்தவரை தேவையில்லை. 100 மில்லி தண்ணீரில் பூஜ்ஜியம் டிகிரியில் கிட்டத்தட்ட 36 கிராம் சாதாரண உப்பு கரையும், கொதிநிலையில் 39 கிராம். அவ்வளவுதான் வித்தியாசம். வெதுவெதுப்பான தண்ணீர் எண்ணெய்ப் படலத்தையும் சாலைப் புகைக்கரியையும் இளக்குவதற்கு உதவும், உங்கள் விரல்களுக்கும் நல்லது. கொதிக்கும் தண்ணீரை உறைந்த கண்ணாடியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விடும். அதேபோல், சோடா உப்புக் கரைசல் தெளித்தால் சாலை உப்பு முறிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சாலை உப்பு அமிலம் இல்லையே, முறிப்பதற்கு. அதற்குத் தேவை நிறையத் தண்ணீர், அது மட்டும்தான்.

அலசுவதைக் கீழேயிருந்து தொடங்குவேன். சக்கர வளைவுகளுக்குள், கதவுப் படிக்கு அடியில், பின் பம்பருக்கு உள்பக்கம். அங்கேதான் உப்பு கட்டி கட்டியாக உட்கார்ந்திருக்கும். பிறகு மேலேயிருந்து கீழாக முழுவதும். பிரஷர் வாஷரின் முனையைப் பெயிண்டிலிருந்து ஒரு அடியாவது தள்ளிப் பிடியுங்கள். பெயிண்ட் பெயர்ந்த ஓரத்தில் நேராக அடித்தால் மிச்சத்தையும் கிளப்பிக்கொண்டு போய்விடும். அப்புறம் நுரை. அடர்த்தியாக அடித்து நாலைந்து நிமிடம் விட்டால் சேற்றை இழுத்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்குவதைப் பார்க்கலாம். பார்க்கவே திருப்தியாக இருக்கும். காய்வதற்கும் உறைவதற்கும் முன் அலசிவிடுங்கள். இதுவரை கார் மேல் கை படவே இல்லை. குளிர் அதிகமான நாளில் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கதவில் மங்கலாக ஒரு படலம் மிச்சமிருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். அதைத் துடைக்க ஆசைப்பட்டுத்தான் கீறல் வாங்குகிறோம்.

நல்ல வெயில் நாளென்றால் கார் கழுவுவதற்கென்று வரும் மென்மையான கையுறையால் கழுவலாம். இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் பிஹெச் நடுநிலையான (அமிலமும் இல்லாத, காரமும் இல்லாத) கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். வெறும் தண்ணீர் வாளியின் அடியில் கடைசியில் தங்கியிருக்கும் மண்ணைப் பார்த்தீர்களானால், அது உங்கள் பெயிண்டைச் சுற்றிச் சுற்றித் தேய்த்திருக்க வேண்டிய மண் என்பது புரியும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில், கூரையிலிருந்து கீழாக. கதவுகளின் கீழ்ப்பாதியையும் பம்பரையும் கடைசியில், தனிக் கையுறையால். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், சிரமப்பட்டுப் போட்ட மெழுகை அது எண்ணெய்ப்பிசுக்கு என்று நினைத்து எடுத்துவிடும்.

காசு போட்டு நாமே கழுவும் இடங்களுக்குப் போனால் தண்ணீரையும் நுரையையும் மட்டும் பயன்படுத்துங்கள். சுவரில் தொங்கும் பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம். உங்களுக்கு முன் வந்தவர் எந்தச் சேற்றை அதால் தேய்த்தார் என்று யாருக்குத் தெரியும்? தானாகக் கழுவும் இடம் என்றால், பிரஷ் சுழலாமல் தண்ணீரால் மட்டும் அடிக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள், அடிப்பக்கம் அலசும் வசதியும் இருக்கட்டும். அங்கே பயன்படுத்தும் ரசாயனம் காட்டமானது, சீலண்டின் ஆயுளைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் மைனஸ் 10 டிகிரியில் உப்பை அப்படியே விட்டுவைப்பதா, சீலண்டில் கொஞ்சம் இழப்பதா என்றால் நான் சீலண்டைத்தான் இழப்பேன். அதை மறுபடி பூசிக்கொள்ளலாம்.

கழுவி முடித்தபின் துடைப்பதை அலட்சியமாகச் செய்யாதீர்கள். பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள், அல்லது ப்ளோயரால் ஊதுங்கள். கதவுகள், டிக்கி, பெட்ரோல் மூடி எல்லாவற்றையும் திறந்து ரப்பர் பீடிங்கைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் காலையில் கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும். இழுத்துத் திறந்தால் ரப்பர் கிழிந்து வரும். அப்படி ஒட்டிவிட்டால் இழுக்காமல், கதவை வெளியிலிருந்து உள்பக்கமாக அழுத்துங்கள். ஓரத்திலுள்ள பனி நொறுங்கி விட்டுவிடும். பனிக்கு முன்பே பீடிங்கில் சிலிக்கான் கிரீஸ் தடவிவைத்தால் இந்தத் தொல்லையே வராது. கடைசியாக வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை மெதுவாகப் பிடித்துக் காயவைத்து நிறுத்துங்கள்.

பனியைத் தள்ளுவதைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது, ஏனென்றால் உங்கள் பானெட் கீறலுக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். போன வருடம் ஒரு அடர்நீலக் கார் வந்தது. பானெட்டில் டார்ச் அடித்தால் நூற்றுக்கணக்கான கீறல்கள், எல்லாம் ஒரே பக்கமாக வளைந்து, நடுவிலிருந்து டிரைவர் பக்கத்து ஓரம் வரை. ஒரு ஆள் பக்கத்தில் நின்றுகொண்டு கையை வீசினால் எப்படி வில் மாதிரி வளையுமோ அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. கேட்டால், தினமும் காலையில் வீட்டுத் துடைப்பத்தால் பனியைத் தள்ளினாராம். புதுப்பனி பஞ்சு மாதிரிதான் இருக்கும். ஆனால் அதன் அடியில் நேற்றைய சாலை மண்ணும் உப்புப் பரலும் உறைந்து கிடக்கின்றன. துடைப்பம் அவற்றைப் பெயிண்டின் மேல் இழுத்துக்கொண்டு போகிறது.

அதனால் மயிர் வைத்த பிரஷ் எதுவும் வேண்டாம். நுரைப்பஞ்சுத் தலையுள்ள தள்ளுகோல் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். அதையும் பெயிண்டைத் தொடும்படி அழுத்தாமல், மேலே உள்ள பனியை மட்டும் தள்ளி, கடைசி விரற்கடை அளவை அப்படியே விட்டுவிடுங்கள். என்ஜின் சூட்டில் பானெட்டில் உள்ளது உருகிவிடும். கூரையில் உள்ளதைத் தள்ளாமல் மட்டும் கிளம்பாதீர்கள். பிரேக் போடும்போது மொத்தமும் சரிந்து முன் கண்ணாடியை மூடும், வேகமாகப் போனால் பின்னால் வருபவர் மேல் பறக்கும். உறைந்து ஒட்டிய பனிக்கட்டியைப் பெயிண்டிலிருந்து சுரண்டவே கூடாது. சுரண்டும் கருவி கண்ணாடிக்கு மட்டும்தான்.

மூடி வைத்தால் என்ன என்று தோன்றும். திறந்தவெளியில் நிற்கும் காருக்குக் கவர் போடாதீர்கள் என்றே சொல்வேன். காற்றில் படபடக்கும்போது அடியில் மாட்டிய மண்ணோடு சேர்ந்து நாள் முழுக்கத் தேய்க்கும். ஈரமாகி உறைந்தால் பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளும்.

அடிப்பக்கத்துக்குத் துருத்தடுப்பு எண்ணெய் அல்லது லேனோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு போன்ற பொருள்) கலந்த ஸ்ப்ரே வருடத்துக்கு ஒரு முறை அடிப்பது நல்ல பழக்கம். தடிமனான ரப்பர் பூச்சை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. எங்காவது விரிசல் விட்டால் உப்புத் தண்ணீரை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும், வெளியே தெரியவும் தெரியாது. எதை அடித்தாலும், கதவின் கீழ் விளிம்பில் உள்ள சின்ன வடிகால் துளைகள் அடைபடாமல் பாருங்கள். கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் அந்தத் துளைகளால்தான் வெளியே வருகிறது. அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே கொப்புளம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். பிளாஸ்டிக் கட்டு நாடா ஒன்றை விட்டுக் கிளறினால் போதும். கம்பியை விட்டால் உள்ளே உள்ள பெயிண்ட் கீறிவிடும்.

பனிக்காலத்தின் நடுவில் புதிதாகக் கல்லடி பட்டால் என்ன செய்வது? குளிரில் முழு வேலை செய்ய முடியாது. அந்த இடத்தை அலசி, நன்றாகக் காயவைத்து, ஆல்கஹாலால் துடைத்து, நிறமில்லாத நகப்பூச்சு ஒரு துளி வைத்துவிடுங்கள். வசந்தத்தில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு முறையாகச் செய்துகொள்ளலாம். எந்த இடம் என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மாதம் கழித்துத் தேடும்போது உதவும். உப்பு தூவும் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாமல் நன்றாக இடம் விட்டுப் போனால் அந்தப் படங்களும் குறையும்.

உங்கள் காருக்கு நான் செய்வது இதுதான்: இந்த வாரமே கல்லடிகளை அடைத்து, நாலைந்து நாள் காயவிட்டு, சீலண்ட் இரண்டு கோட். கீறலை இப்போது தொட மாட்டேன். கடைசிப் பனி உருகி, சாலைகள் ஒரு நல்ல மழையில் கழுவப்பட்ட பிறகு, அடியிலிருந்து கூரை வரை நிதானமாகக் கழுவி, அயர்ன் ரிமூவர் அடித்து, அப்போது ஒரே ஒரு தடவை பாலிஷ் போட்டு எடுப்பேன். அதுவரை அந்தச் சிலந்திவலை வெயிலில் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அதன் மேல் புதிதாக ஒன்றும் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும்.